50 சதவீதம் வந்துவிட்டால் போதுமா?

வீடியோ கேம் கதாபாத்திரங்களின் பலச் சமநிலை பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஒரு கதாபாத்திரத்தின் வெற்றி விகிதம் 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் அதன் பலம் சரியாக இருக்கிறது என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அவ்வளவு லேசாக முடிகிற விஷயமா இது?

இரண்டு அணிகள் மோதும் ஆன்லைன் கேமான லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் யூமி என்ற பூனைக் கதாபாத்திரத்தைப் பாருங்கள். கூட்டாளி மேல் ஒட்டிக்கொண்டால் அந்தப் பூனையை அடிக்கவே முடியாது. கஷ்டப்பட்டு ஒருவனைச் சாகும் நிலைக்குக் கொண்டுவருவோம். அது மேலிருந்தே உயிரேற்றிவிடும். ஜெயித்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். அந்த எரிச்சல் வெற்றிக் கணக்கில் எங்கே வரும்? ஆட்டம் தொடங்கும் முன் அதை யாரும் எடுக்கக் கூடாது என்று எத்தனை பேர் தடை போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

மணல் வீரர்களை ஏவிச் சண்டையிடும் அஜீர் என்ற கதாபாத்திரம் இதற்கு நேர் எதிர். நம்மைப் போன்றவர்கள் எடுத்தால் மணல் வீரர்களை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு இன்னொரு பக்கம் செத்துக்கிடப்போம். தொழில்முறை ஆட்டக்காரர் கையில் அதே அஜீர் ராஜா. நம் தோல்விகளைப் பார்த்து அவனுக்குப் பலம் கூட்டினால் போட்டிகளில் வேறு யாரையும் பார்க்க முடியாது.

இந்த கேமை உருவாக்கிய ரயட் நிறுவனமே 2019இல் வெளியிட்ட அளவுகோலில் ஆட்டக்காரர்களைச் சராசரி, திறமையானவர், உச்சநிலை, தொழில்முறை என நான்கு தட்டாகப் பிரித்தது. ஒரு கதாபாத்திரம் ஏதாவது ஒரு தட்டில் மிஞ்சினாலே பலம் குறைப்பு. நான்கிலும் தேறாவிட்டால்தான் பலவீனம் என்று கணக்கு.

சிஞ்செட் மாதிரி கதாபாத்திரங்களின் வெற்றி விகிதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அவனை எடுப்பவர்களில் பாதிப் பேர் வருஷக்கணக்காக அவனை மட்டுமே ஆடுகிறவர்கள் போலத்தான் தெரிகிறது! அந்தப் பழக்கமே விகிதத்தைக் கூட்டிக் காட்டலாம்.