கவர் லெட்டர்ல உன் கதை எதுக்கு தம்பி?

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தம்பி மெசேஜ் பண்ணான். அமெரிக்காவுல பிஎச்டி முடிக்கப் போறான், பேட்டரி மெட்டீரியல், எக்ஸ்ரே அந்த லைன்ல. "அக்கா, நேஷனல் லேப் போஸ்ட்டாக்குக்கு இருபத்திரெண்டு இடத்துல அப்ளை பண்ணிட்டேன், ஒரு பதில் கூட இல்ல, கவர் லெட்டர் மட்டும் கொஞ்சம் பாத்து சொல்லுங்கக்கா"ன்னான். போஸ்ட்டாக்குன்னா பிஎச்டிக்கு அப்புறம் பாக்குற தற்காலிக ஆராய்ச்சி வேலை. பாத்தேன். முதல் வரி, சின்ன வயசுலேர்ந்து அறிவியல் மேல தீராத ஆர்வம். ரெண்டாவது பாரா, எத்தன பேப்பர் எத்தன சைட்டேஷன். மூணாவது பாரா, "உலகப்புகழ் பெற்ற உங்கள் ஆய்வகத்தில்"னு ஆரம்பிச்சு ஒரு கும்பிடு. அதுல லேப் பேரு மட்டும் வேற ஃபான்ட்ல இருந்துச்சு, கொஞ்சம் பெருசா. பத்திரிகை அடிச்சுட்டு கவர் மேல பேர மட்டும் மாத்தி எழுதுற மாதிரி.

எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா நான் எழுதினதும் அச்சு அசல் இதேதான். பதினாலு இடம். பதினாலுலயும் மயான அமைதி. அப்போ எனக்கு யாரும் சொல்லல, அதனால இப்போ சொல்றேன், கொஞ்சம் கடுப்பாவே இருக்கும், பொறுத்துக்கோங்க.

யூனிவர்சிட்டி போஸ்ட்டாக்கும் நேஷனல் லேப் போஸ்ட்டாக்கும் பேருதான் ஒண்ணு. யூனிவர்சிட்டில ஒரு ப்ரொஃபசருக்கு உன்ன புடிச்சா போதும், நீ புத்திசாலியா தெரிஞ்சா போதும், வந்து ஏதாவது பண்ணிக்கோன்னு விட்டுடுவாரு. இங்க அப்படி இல்ல. அமெரிக்க எரிசக்தித் துறைக்குக் கீழ இருக்குற 17 நேஷனல் லேப்ல 16 லேப், இடமும் கட்டடமும் கவர்மென்டோடது, ஆனா நடத்துறது கான்ட்ராக்டர். ஓக் ரிட்ஜ யூடி-பேட்டெல் நடத்துது, பெர்க்லிய கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்துது. நேரடியா கவர்மென்ட் ஆளுங்களே நடத்துறது என்இடிஎல்ங்கற எரிசக்தி தொழில்நுட்ப லேப் ஒண்ணுதான். அதனால உனக்கு சம்பளம் போடுறவன் அந்த கான்ட்ராக்டர், ஆனா அந்தக் காசு வாஷிங்டன்லேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் பேர்ல, இந்த வருஷத்துக்குள்ள இந்த இந்த வேலைய முடிச்சுக் காட்டணும்னு ஒரு லிஸ்ட்டோட வருது. அந்த லிஸ்ட்டுக்கு பதில் சொல்ல வேண்டியவரு ஒரு ஸ்டாஃப் சயின்டிஸ்ட். அந்த மனுஷனுக்கு ஆள் பத்தல. அதான் அந்த விளம்பரம். அவ்ளோதான் விஷயம்.

அவரு உன் சிவிய தொறக்கும்போது "இவன் எவ்ளோ பெரிய ஆளு"ன்னு பாக்கல. "வர மார்ச்சுக்குள்ள எனக்கு அந்த பேட்டரி செல் ஓடணுமே, இவன் வந்தா ஓடுமா"ன்னு பாக்குறாரு. உன் சின்ன வயசு ஆர்வத்த வெச்சு அவரு என்ன பண்ணுவாரு சொல்லு.

கம்ப்யூட்டிங் பக்கம் இருக்குறவங்களுக்கும் இதேதான். 2022ல எக்ஸாஸ்கேல்ங்கற வேக எல்லைய தாண்டுச்சே ஓக் ரிட்ஜோட ஃப்ரான்டியர் சூப்பர்கம்ப்யூட்டர், அதுக்குள்ள இருக்குறது ஏஎம்டி ஜிபியூ. ஆர்கான் லேப்ல இருக்குற அரோராவுல இன்டெல் ஜிபியூ. நம்ம பசங்க சிவில மொத வரியே "கூடா எக்ஸ்பர்ட்". கூடாங்கறது என்விடியா ஜிபியூவுக்கு கோட் எழுதுற முறை சாமி, அங்க அப்படியே ஓடாது. ஏஎம்டியோடதுக்கு பேரு ஹிப். அதுக்கு பதிலா "என் கோட ஹிப்புக்கு மாத்தினேன், மாத்தும்போது இந்த இடத்துல வேகம் பாதியா போச்சு, இப்படி சரி பண்ணேன்"னு ரெண்டு வரி எழுதிப் பாரு. அந்த ரெண்டு வரிக்கு பத்து பேப்பர் ஈடாகாது. எனக்கு இதுல கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு, மறுக்குறவங்க மறுக்கலாம்.

அடுத்தது, போர்ட்டல். போர்ட்டல்ல போட்டுட்டு காத்திருக்குறது, கோயில் உண்டியல்ல சீட்டு எழுதிப் போட்டுட்டு வர மாதிரி. நடந்தாலும் நடக்கும். ஆனா லாஸ் அலமோஸ்ல போஸ்ட்டாக் ஆகணும்னா அங்க உள்ள ஒரு சயின்டிஸ்ட் உன்ன ஸ்பான்சர் பண்ணணும், அவங்களே வெளிப்படையா போட்டிருக்குற விதி அது. மத்த லேப்ல இப்படி எழுதி வெக்கலனாலும் நடக்குறது கிட்டத்தட்ட அதேதான். உள்ள ஒரு ஆளுக்கு உன்ன வேணும், அதுக்கப்புறம்தான் ஹெச்ஆர், ஃபார்ம், மூணு ரெக்கமண்டேஷன் லெட்டர் எல்லாம்.

பேர் வெச்ச ஃபெல்லோஷிப் கதை வேற. லிவர்மோர்ல லாரன்ஸ் ஃபெல்லோஷிப், ஓக் ரிட்ஜ்ல விக்னர், ஆர்கான்ல மரியா கெப்பர்ட் மேயர். இதுல சுதந்திரம் அதிகம், போட்டியும் பயங்கரம், உன் சொந்த ஐடியாவுக்கு அங்கதான் இடம். (மேயர் அம்மா கதை தெரியுமா? சிகாகோ யூனிவர்சிட்டில சம்பளமே இல்லாம ப்ரொஃபசர் வேலை பாத்தாங்க, ஆர்கான் லேப் ஆரம்பிச்ச 1946ல பாதி நேர வேலைனு போட்டு சம்பளம் குடுத்தது அந்த லேப்தான். அப்போ பண்ண நியூக்ளியர் ஷெல் மாடலுக்கு 1963ல நோபல். இத நினைச்சா எனக்கு இன்னமும் வயிறு எரியும்.) இதுக்கு போடுங்க, கண்டிப்பா போடுங்க, ஆனா அதுக்கு எழுதின ப்ரபோசலையே வெட்டி ஒட்டி சாதாரண போஸ்ட்டாக்குக்கு அனுப்பாதீங்க. அங்க உன் ஐடியாவ கேக்குறாங்க, இங்க அவங்க வேலைக்கு ஆள் கேக்குறாங்க.

சரி என் கதைக்கு வரேன். பிஎச்டி பண்ணும்போது ஒரு லேபுக்கு பீம்டைமுக்குப் போயிருந்தேன், அதாவது அங்க இருக்குற பெரிய எக்ஸ்ரே மெஷின்ல சோதனை பண்ண ஒதுக்குற நேரம். பதினாலு இடத்துல அடி வாங்கினப்புறம் என் கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "பீம்டைமுக்குப் போனியே, ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு டிடெக்டர் சரி பண்ணிக் குடுத்தாரே, அவருக்கு எழுதினியா?" எழுதல. அவர ஒரு ஹெல்ப்பராத்தான் நெனச்சு வெச்சிருந்தேன், அதுதான் உண்மை, சொல்ல வெக்கமா இருக்கு. எக்ஸ்ரே வந்து விழுற அந்த சோதனைக் கூடத்துக்கே, பீம்லைன்னு சொல்றது, அவருதான் சயின்டிஸ்ட். வெளிய இருந்து யார் வேணா ப்ரபோசல் போட்டு, நல்லா இருந்தா, ரிசல்ட்ட பேப்பரா போடுவேன்னு ஒத்துக்கிட்டா காசே இல்லாம பீம்டைம் குடுக்குறாங்க, அப்படி வர வெளியாளுங்க எல்லாருக்கும் ராத்திரி பகல்னு பாக்காம முழிச்சு உதவுறதுதான் அவங்க வேலைல பெரிய பங்கு, மீதி நேரத்துலதான் சொந்த ஆராய்ச்சி. போஸ்ட்டாக் எதுக்குத் தேவைப்படுதுனு இப்போ புரியுதா?

ஆறு வரி எழுதினேன். நான் யாரு, எந்த மாசம் வந்தேன், அவரோட கடைசி பேப்பர்ல செல்லுக்கு அழுத்தம் குடுக்குற விதத்துல எனக்கு வந்த ஒரு சந்தேகம், அத நாங்க வேற மாதிரி பண்ணிப் பாத்தது, எப்போ டிஃபென்ஸ், ஆள் எடுக்குற எண்ணம் உண்டா. சிவி கூட இணைக்கல. மறுநாள் காலைல பதில். "இப்போ காசு இல்ல, அக்டோபர் கழிச்சு கேளு." அக்டோபர் 1தான் அமெரிக்க கவர்மென்டுக்கு புது நிதியாண்டு. நாடாளுமன்றம் பட்ஜெட் பாஸ் பண்ணலனா போன வருஷ அளவுலயே ஓட்டுன்னு விட்டுடுவாங்க, புது ப்ராஜெக்ட் எதுவும் தொடங்க முடியாது. அதுக்கும் ஒத்துக்கலனா கவர்மென்ட் வேலையே முடங்கும், அதான் ஷட்டவுன். 2025ல அக்டோபர் 1லேர்ந்து நவம்பர் 12 வரைக்கும் 43 நாள் ஷட்டவுன் நடந்துச்சு இல்ல, அந்த நேரத்துல பதில் வரலன்னு எத்தன பேரு தன்ன தானே திட்டிக்கிட்டாங்களோ. பதில் வராததுக்கு நீ காரணமாவே இல்லாம இருக்கலாம்ப்பா.

நான் டிசம்பர்ல மறுபடி கேட்டேன். விளம்பரம் வந்துச்சு. போட்டேன். செமினாருக்குக் கூப்டாங்க.

இந்த செமினார் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ஒரு மணி நேரம், முன்னாடி பதினஞ்சு பேர். என் முக்கியமான கிராஃப்ல, நேரத்துக்கு எதிரா சிக்னல், அழகா ஏறிப் போகுது, ஆனா நடுநடுவுல சீரான இடைவெளில சின்னச் சின்னதா ஒரு குத்து. பேப்பர்ல அத ஸ்மூத் பண்ணிட்டோம். ஸ்லைட்ல பழைய படத்தையே போட்டுட்டேன், முந்தின ராத்திரி அவசரத்துல கவனிக்கல. கடைசி வரிசைல கட்டம் போட்ட சட்டையில ஒருத்தர், அதுவரைக்கும் வாயே தொறக்கல, கைய தூக்கி "அந்தக் குத்து என்ன?"ன்னாரு.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நாய்ஸ்னு சொல்லியிருக்கலாம். ஆனா அது நாய்ஸ் இல்லன்னு எனக்குத் தெரியும், ஏன்னா ஒரு வாரம் அத தொரத்தியிருக்கேன். அந்த எக்ஸ்ரே வர்றதே ஒரு பெரிய ரிங்ல சுத்துற எலக்ட்ரான்லேர்ந்துதான், ரிங்ல எலக்ட்ரான் குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்திக்கிட்டே இருப்பாங்க, டாப்-அப்புன்னு சொல்றது, அந்த ஊத்துற நொடில பீம் லேசா ஆடும். அந்த டைம்ஸ்டாம்ப்ப எடுத்து என் குத்தோட பக்கத்துல வெச்சுப் பாத்தேன், ஒண்ணு விடாம பொருந்துச்சு, அந்த நொடிகள மட்டும் டேட்டாவுலேர்ந்து தூக்குறதுக்கு ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதினேன், ஆனா பேப்பர்ல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல, இதெல்லாம் அறிவியலா என்னன்னு விட்டுட்டோம். அத அப்படியே சொன்னேன். மனுஷன் நிமிந்து உக்காந்தாரு. "அந்த ஸ்க்ரிப்ட் இருக்கா?" இருக்குன்னேன். மிச்ச கேள்வி எல்லாம் அதப் பத்திதான் போச்சு, நான் பெருமையா வெச்சிருந்த கடைசி பத்து ஸ்லைட யாரும் கண்டுக்கல. அவரு அந்த பீம்லைனோட சீனியர் இன்ஜினியர்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கேள்வியாலதான் எனக்கு வேலை கெடச்சுதுன்னு நான் இன்னைக்கும் நம்புறேன், என் கைடு ஒத்துக்க மாட்டாரு, அவரோட லெட்டர்தான் காரணம்ங்கறாரு. இருக்கட்டும்.

தம்பி, உன் கவர் லெட்டர்ல அந்த மாதிரி குத்து எங்க? உனக்கு இல்லாம இருக்காது. காத்து படாம வேலை பாக்குற கிளவ் பாக்ஸ் பெட்டில ஆர்கான் வாயு லீக் ஆகி ரெண்டு மாசம் நாசமா போனத என்கிட்ட ஃபோன்ல அவ்ளோ சுவாரசியமா சொன்ன. எப்படி கண்டுபிடிச்சன்னு சொன்ன. அத எழுதாம "தீராத ஆர்வம்"னு எழுதியிருக்க. எனக்கு வாயில நல்லா வருது.

இப்போ என் வயித்தெரிச்சலுக்கு வரேன். ஆஃபர் வந்துடுச்சு, ஸ்வீட்டு எல்லாம் குடுத்தாச்சு. லேப் எதுன்னு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க. வெளிநாட்டுக்காரங்க உள்ள காலெடுத்து வெக்கணும்னா தனியா ஒரு அனுமதி வேணும், எரிசக்தித் துறையோட உத்தரவு அது, எல்லா லேபுக்கும் பொது. அவங்க வெச்சிருக்குற சென்சிட்டிவ் நாடுகள் லிஸ்ட்ல இந்தியாவும் இருக்குன்னு செய்திகள்லயே வந்திருக்கு, அதனால நமக்கு அலசி ஆராயறது கூடுதல். "சில வாரங்கள் ஆகும்"னாங்க. நாலரை மாசம் ஆச்சு. இடைல நான் மெயில் போட்டா "ப்ராசஸ்ல இருக்கு", அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. யாரு மேல கோவப்படறதுன்னே தெரியாது, ஏன்னா அந்த சயின்டிஸ்ட்டுக்கும் ஒண்ணும் தெரியாது, பாவம் அவரும் காத்துட்டிருக்காரு.

இதுல என்ன ஆபத்துன்னா, ஓபிடில, அதாவது படிப்பு முடிச்ச வெளிநாட்டு மாணவங்களுக்கு அமெரிக்காவுல கொஞ்ச காலம் வேலை பாக்க குடுக்குற அனுமதில, வேலை இல்லாம 90 நாளுக்கு மேல இருக்கக் கூடாது. அறிவியல், இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கு குடுக்குற ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் வாங்கினாதான் அது மொத்தம் 150 ஆகும். ஆஃபர் லெட்டர் கைல இருந்தாலும் வேலைல சேரலனா நாள் ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஆஃபர் இருக்கேன்னு யாரும் நிறுத்தி வெக்க மாட்டாங்க. நான் 71வது நாள்ல முழிச்சுக்கிட்டேன். எப்படி தப்பிச்சேன்னா, முதல் ஓபிடில சம்பளம் இல்லாத வேலையும் கணக்குல வரும், படிப்பு சம்பந்தப்பட்டதா இருக்கணும், வாரத்துக்கு குறைஞ்சது 20 மணி நேரம். என் கைடு பழைய லேப்லயே முறைப்படி லெட்டர் போட்டு ஒக்கார வெச்சாரு. சம்பளம் இல்லாம ரெண்டரை மாசம் சேமிப்புல ஓட்டினேன். எல்லாருக்கும் இப்படி ஒரு கைடு அமைய மாட்டாங்க, அமையாதவங்க கத என்ன ஆச்சுன்னும் பாத்திருக்கேன்.

இன்டர்வியூல கூச்சப்படாம கேளு, "இந்தியா பாஸ்போர்ட்ல கடைசியா சேந்தவங்களுக்கு அனுமதி வர எவ்ளோ நாள் ஆச்சு?"ன்னு. அசிங்கமா நெனைக்க மாட்டாங்க. லிவர்மோர், சாண்டியா மாதிரி எடத்துல நெறைய வேலைக்கு க்யூ கிளியரன்ஸ், அதாவது ரகசிய விஷயங்களப் பாக்க ஒரு பாதுகாப்பு அனுமதி, கேப்பாங்க, அது அமெரிக்க குடிமக்களுக்கு மட்டும்தான், விளம்பரத்துல அந்த ஒரு வரிய மொதல்ல தேடிப் பாத்துட்டு மத்ததப் படி. உன் இருபத்திரெண்டுல ஆறு அப்படிப்பட்டது தம்பி, நான் எண்ணிப் பாத்தேன். அந்த ஆறு லெட்டருக்கு நீ எத்தன ராத்திரி முழிச்சியோ.

அப்புறம் ஓபிடி தொடங்குற தேதி. ப்ரோக்ராம் முடியுற தேதிலேர்ந்து 60 நாளுக்குள்ள எந்த தேதிய வேணா நீயே கேக்கலாம். நீ அவசரப்பட்டு மறுநாளே போட்டு வெச்சிருக்க. இன்னும் அனுப்பலல்ல? அனுப்பாத. யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல உன் விசா விஷயத்தப் பாத்துக்குற டிஎஸ்ஓவுக்கு இன்னைக்கே மெயில் போடு, கவர் லெட்டர அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல அங்க ஒரு ஈ காக்கா இருக்காது.