லைஃப் ஆஃப் பை உண்மைக்கதை இல்லீங்க

ஒருத்தர் 'லைஃப் ஆஃப் பை நாவல் நிஜமா நடந்தது, பாண்டிச்சேரி இந்தியன் காஃபி ஹவுஸ்ல ஒரு பெரியவர் சொன்ன கதைன்னு முன்னுரைலயே இருக்கே'னு அடிச்சு சொல்றார். அண்ணே, அந்த முன்னுரையும் நாவல்தான், அத எழுதுன யான் மார்ட்டெல் நம்மள நம்ப வைக்க போட்ட தூண்டில் அது. நேரு வீதில காஃபி ஹவுஸ் நிஜமாவே இருக்கு, ஆனா தாவரவியல் பூங்கால படேல் குடும்பம் நடத்துன ஜூ, கனடா போற வழில 227 நாள் புலியோட படகுல கெடந்த பையன் எல்லாம் கற்பனை. ரிச்சர்ட் பார்க்கர்ங்கிற புலியோட பேர்தான் நிஜத்துலேர்ந்து வந்தது. நாவல்ல கிளார்க் குளறுபடில புலிக்குட்டியப் பிடிச்ச வேட்டைக்காரன் பேரு புலிக்கும், குட்டிக்கு வச்ச 'தர்ஸ்டி'ங்கிற பேரு வேட்டைக்காரனுக்கும் மாறிடும், படிச்சப்போ விழுந்து விழுந்து சிரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, 1884ல மின்யொனெட் கப்பல் மூழ்கினப்போ பசி தாங்காம கூட இருந்தவங்களாலயே கொல்லப்பட்டு தின்னப்பட்ட 17 வயசு பையன் பேரும் ரிச்சர்ட் பார்க்கர்னு.