மீன் பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள்

கணவர்: இன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா?

மனைவி: நன்றாகத்தான் இருந்தது. காலையில் பஸ்ஸுக்குத்தான் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதாகிவிட்டது, அப்புறம்...

கணவர்: உன்னைக் கேட்கவில்லை, என்னுடையதைச் சொல்கிறேன். பாலத்துக்குக் கீழே, அந்த வில்லோ மரத்துக்கு எதிரில், இவ்வளவு பெரிய டிரவுட்! மூன்று தடவை மேலே வந்தது, தூண்டிலில் நான் கட்டியிருந்த பொய் ஈயைப் பக்கத்தில் வந்து பார்த்தது, வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டது.

மனைவி: விவரமான மீன்.

கணவர்: டெஸ்ட் ஆற்று மீன் என்றால் சும்மாவா? சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வடிந்து வருகிற தண்ணீர். அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். உலகத்தில் இந்த மாதிரி ஆறுகளே கொஞ்சம்தான், அதிலும் பெரும்பாலானவை இங்கிலாந்தில். நாம் மீனைப் பார்க்கிற அளவுக்கு மீனும் நம்மைத் தெளிவாகப் பார்க்கும்.

மனைவி: உங்களைத் தெளிவாகப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

கணவர்: சரி, நீ எங்கே போனாய்? (ஈ டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்கிறார்.)

மனைவி: வின்செஸ்டர்.

கணவர்: ஓ, கடைகளுக்கா?

மனைவி: பேராலயத்துக்கு.

கணவர்: ம்.

மனைவி: அங்கே ஒரு மீன்பிடிக்காரரைப் பார்த்தேன்.

(டப்பா மூடப்படுகிறது. இந்தப் பயணம் தொடங்கியதிலிருந்து கணவர் முதல்முறையாக மனைவியின் முகத்தைப் பார்க்கிறார்.)

கணவர்: யாரது? அந்த ஊர்க்காரரா?

மனைவி: மாப்பிள்ளை வீட்டில் தங்கியிருந்தவர், அப்படியே வின்செஸ்டரிலேயே இருந்துவிட்டார். வயது தொண்ணூறு.

கணவர்: தொண்ணூறு வயதில் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்துகொண்டு மீன் பிடிக்கிறாரா! கொடுத்து வைத்தவர். மாப்பிள்ளை ஒன்றும் சொல்வதில்லையா?

மனைவி: மாப்பிள்ளைக்கு அந்தப் பேராலயத்திலேயே பெரிய பதவி. ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

கணவர்: மனைவி?

மனைவி: அந்த அம்மா வூஸ்டரில்.

கணவர்: பார்த்தாயா? அதுதான் விவரம். அவர் ஒரு ஊரில், அந்த அம்மா ஒரு ஊரில், சண்டை கிடையாது, 'எப்போது வருவீர்கள்' கிடையாது.

மனைவி: சண்டை நிச்சயமாகக் கிடையாது. இரண்டு பேருமே சத்தம் போடுவதில்லை.

கணவர்: அவருக்கு எந்த ஆறு?

மனைவி: இட்சன். கரையில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தூண்டிலை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

கணவர்: பேராலயத்தில் பார்த்தேன் என்றாய், இப்போது ஆற்றங்கரை என்கிறாய்?

மனைவி: இரண்டும்தான்.

கணவர்: என்ன ஈ கட்டுகிறார் என்று கேட்டாயா?

மனைவி: இல்லை.

கணவர்: அதைக்கூடக் கேட்காமல் என்ன பேசினாய்?

மனைவி: நான்தான் பேசினேன். அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அது பழக்கம்தானே.

கணவர்: அனுபவசாலிகள் அப்படித்தான், மீன் மேலே வருகிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார்கள். நாளைக்கு என்னை அறிமுகம் செய்துவை. இட்சனில் ஒரு நாள் கிடைத்தால் போதும். நாளைக்கும் அங்கே இருப்பாரா?

மனைவி: இருப்பார். 1683 டிசம்பரிலிருந்து அங்கேதான் இருக்கிறார்.

கணவர்: ...வால்டனா?

மனைவி: ஐசக் வால்டனேதான். தெற்குப் பக்கத்தில் ஒரு சிறு வழிபாட்டுக்கூடம், அதில் கல்லறை. அங்கே இருக்கிற வண்ணக்கண்ணாடி ஜன்னலில்தான் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார், 1914இல் இங்கிலாந்து மீன்பிடிக்காரர்களும் அமெரிக்க மீன்பிடிக்காரர்களும் காசு போட்டு வைத்த ஜன்னல். ஒரு நாளாவது மீன் பேச்சு காதில் விழாமல் இருக்கட்டும் என்று ஒன்பது மைல் பஸ்ஸில் போகிறேன், அங்கே கண்ணாடிக்குள் ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளை, கீழே ஒரு வாசகம் எழுதியிருந்தது: 'அமைதியாக இருக்கப் பழகு.'

கணவர்: வால்டன் கல்லறை வின்செஸ்டரிலா இருக்கிறது? எனக்கு யாருமே சொல்லவில்லையே!

மனைவி: அவர் 1653இல் மீன்பிடிப்பைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டியில் வைத்துத் தூக்கி வருகிறீர்கள். ஒரு தடவை திறந்தும் பார்த்திருக்கலாம்.

கணவர்: வேறு யாராவது?

மனைவி: ஜேன் ஆஸ்டின் இருக்கிறார்.

கணவர்: அவர் எந்த ஆற்றில்?

மனைவி: எந்த ஆற்றிலும் இல்லை, நாவல் எழுதியவர். 1817இல், 41 வயதில் இறந்துபோனார். கல்லறைக் கல்லில் மனதின் கருணை, சுபாவத்தின் இனிமை, அறிவின் சிறப்பு எல்லாம் எழுதியிருக்கிறார்கள், நாவல் எழுதினார் என்று ஒரு சொல் இல்லை. அதைச் சொல்வதற்கு 1872இல் ஒரு பித்தளைத் தகடு வரவேண்டியிருந்தது. கூட வருகிற பெண்களுக்கு எல்லா இடத்திலும் இந்த ஒரே சான்றிதழ்தான் போலிருக்கிறது, இனிமையான சுபாவம். காலையில் விடுதிக்காரரும் உங்களிடம் அதைத்தான் சொன்னார், 'உங்கள் மனைவி ரொம்ப அனுசரணை' என்று.

கணவர்: நல்லதைத்தானே சொன்னார்?

மனைவி: நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் சொல்லியிருக்கலாம்.

(மீன்பிடி விடுதிகளில் 'கூட வருபவர்களுக்கு' என்று ஒரு தாளை மடித்து மேசையில் வைத்திருப்பார்கள். ரோஜாத் தோட்டம் இருக்கும், தேநீர்க் கடை இருக்கும், பழைய பொருள் கடை தவறாமல் இருக்கும். அங்கெல்லாம் எப்படிப் போய்ச்சேர்வது என்பது மட்டும் இருக்காது. மனைவி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருப்பது அந்தத் தாள்தான்.)

கணவர்: ஒரே பேராலயத்தில் நாள் முழுக்கவா இருந்தாய்? ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் போயிருக்கலாம். சாலிஸ்பரி போயிருக்கலாம், பேராலயத்தின் 123 மீட்டர் கோபுரம், மேக்னா கார்ட்டா உரிமைச் சாசனத்தின் 1215ஆம் வருடத்துப் பிரதி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நான்தான் தாளில் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுக் கொடுத்தேனே.

மனைவி: கார் எங்கே இருந்தது?

கணவர்: ஆற்றங்கரையில்.

மனைவி: காலை ஒன்பது மணிக்கு?

கணவர்: ஆற்றங்கரையில்.

மனைவி: சாயங்காலம் ஆறு மணிக்கு?

கணவர்: மாற்று பூட்ஸ் அதில் இருக்கிறதே! இது கசிகிறது.

மனைவி: ஸ்டோன்ஹெஞ்சின் நீலக்கற்களை வேல்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேலாகக் கார் இல்லாமல்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் நானும் வந்து சேர்ந்துவிடுவேன் என்று நினைத்துக் கோடு போட்டீர்களா?

கணவர்: ரயிலில் போகலாமே.

மனைவி: நாம் தங்கியிருக்கிற இந்த ஸ்டாக்பிரிட்ஜில் ரயில் நிலையம் இருந்தது. 1964இல் மூடிவிட்டார்கள்.

கணவர்: பார், வந்த இடத்தில் எவ்வளவு சரித்திரம் தெரிந்துகொண்டாய்!

மனைவி: பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரிகிற சரித்திரம் அது. நேற்று டேன்பரிக்குப் போனேன், அதுவும் நடந்துபோகிற தூரம் என்பதால். இரும்புக் காலத்துக் கோட்டை மேடு, சுற்றிலும் கரையும் அகழியும். உள்ளே தானியம் சேமிக்க ஆயிரக்கணக்கில் குழி வெட்டியிருந்திருக்கிறார்கள்.

கணவர்: அகழியில் தண்ணீர் இருக்கிறதா?

மனைவி: இல்லை.

கணவர்: ம்.

மனைவி: சரி, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒருவரைச் சொல்கிறேன். வில்லியம் வாக்கர். வருடக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே நின்றவர்.

கணவர்: எந்த ஆற்றில்?

மனைவி: பேராலயத்துக்கு அடியில். அது கட்டியிருக்கிற நிலம் சதுப்பு. ஒரு பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது, தோண்டினால் தண்ணீர் பொங்குகிறது. இவர் முத்துக்குளிப்பவர் மாதிரி, ஆனால் உடையெல்லாம் போட்டுக்கொண்டு இறங்குகிற ஆள். 1906லிருந்து 1911 வரைக்கும் கலங்கல் தண்ணீரில், கண் தெரியாத இருட்டில், கையால் தடவித் தடவியே ஆயிரக்கணக்கான கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அஸ்திவாரத்தைத் தாங்கவைத்தார்.

கணவர்: உடை கசியவில்லையா?

மனைவி: தெரியாது. வார இறுதியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு லண்டன் பக்கம் இருந்த வீட்டுக்குப் போய்விடுவாராம். அவ்வளவு நேரம் தண்ணீரில் நின்ற மனிதருக்கு வீட்டு ஞாபகம் இருந்திருக்கிறது. நீங்கள் கரையில்தான் நிற்கிறீர்கள்.

கணவர்: இது மேஃப்ளை பருவம், புரிந்துகொள். அதைத் தின்னத்தான் மீன் மேலே வரும். அந்தப் பூச்சி ஆற்றடியில் சேற்றுக்குள் இரண்டு வருடம் புழுவாகக் கிடக்கும், இறக்கை முளைத்து மேலே வந்தால் ஆயுசு ஒரு நாள் அளவுதான். சாப்பிட வாய்கூடக் கிடையாது. அந்த நாளில் நான் அங்கே இல்லாவிட்டால்?

மனைவி: ஒரே நாளில் கல்யாணம் முடித்து, முட்டையிட்டு, போயும்விடுகிறது. அதற்கு இருக்கிற நேர ஒழுங்கு இந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது? மதியம் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றீர்கள். அப்புறம், அந்த வாக்கருக்குச் சிலை வைத்தபோது கூத்து நடந்திருக்கிறது. தண்ணீருக்குள் நின்றவர் இவர், சிலையில் முகம் மேலே நின்ற பொறியாளருடையது, பிரான்சிஸ் ஃபாக்ஸ். 2001இல்தான் சரியான முகத்தோடு வேறு சிலை வந்தது.

கணவர்: அது எப்படி மாறும்?

மனைவி: உங்கள் மீன் படத்தில் மாறுகிற மாதிரிதான். சாயங்காலம் கையளவு, ராத்திரி சாப்பாட்டு மேசையில் முழங்கை அளவு. ராம்சியில் இன்னொன்று கேள்விப்பட்டேன், நூறு பவுண்டு...

கணவர்: நூறு பவுண்டா! டிரவுட்டா, சால்மனா?

மனைவி: தேவாலயம். எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது இடிந்துபோகாமல் இருக்க ஊர்க்காரர்களே 1544இல் நூறு பவுண்டு கொடுத்து வாங்கிவிட்டார்கள், முழுத் தேவாலயத்தையும். அதே டெஸ்ட் ஆற்றங்கரைதான். அந்த ஆற்றில் ஒரே ஒரு நாள் நின்று மீன் பிடிக்க நீங்கள் அதைவிட அதிகமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

கணவர்: அது அந்தக் காலத்து நூறு பவுண்டு.

மனைவி: இருக்கட்டும். அவர்கள் வாங்கியதைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நீங்கள் பிடித்ததைத் திரும்பவும் ஆற்றில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

கணவர்: விட வேண்டும் என்பது விதி. உலர் ஈ, அதாவது தண்ணீர்மேல் மிதக்கிற ஈதான் போடவேண்டும், நீரோட்டத்துக்கு எதிராகத்தான் வீசவேண்டும், பிடித்தால் விடவேண்டும். இதில் ஒரு கண்ணியம் இருக்கிறது. உனக்கு அது புரியாது.

மனைவி: மீனுக்கு இத்தனை விதி இருக்கிறது. கூட வருகிறவருக்கு ஒரு தாள். அதிலும் பத்து மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிகிற மாதிரி இடங்களை அடுக்கியிருக்கிறார்கள். நான் எதையாவது பார்க்கவேண்டும் என்பதற்காகப் போட்ட தாள் இல்லை இது. நான் கரைப் பக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது.

(கணவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. யோசித்தாரா, மீனை நினைத்தாரா என்று சொல்ல முடியாது. மனைவிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.)

கணவர்: சரி. நாளைக்கு நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். காரில். நாள் முழுக்க உன்கூடவே.

மனைவி: எங்கே?

கணவர்: மாட்டிஸ்ஃபாண்ட். 1201இல் மடமாக ஆரம்பித்த இடம். பழங்கால ரோஜா வகைகளைச் சேர்த்து மதில் சூழ்ந்த தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள், ஜூன் மாதம்தான் பார்க்கவேண்டும், சரியான நேரத்தில் வந்திருக்கிறோம்.

மனைவி: ரோஜாவா? நீங்களா? வீட்டுச் செடிக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றியதில்லை.

கணவர்: ஆசை வரக்கூடாதா?

மனைவி: ஆறு அங்கிருந்து எவ்வளவு தூரம்?

கணவர்: ஆறா... தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது என்று நினைக்கிறேன். ஹால்ஃபோர்ட் மீன் பிடித்த இடம். உலர் ஈ முறையையே பிரபலமாக்கியவர் அவர்தான். அவர் உட்கார்ந்த குடில்கூட இருக்கிறதாம், சும்மா ஒரு பார்வை...

மனைவி: தூண்டில்?

கணவர்: அது எப்போதும் காரில்தானே கிடக்கிறது.

மனைவி: அப்படியென்றால் நான் ரோஜாவுக்கு நடுவில், நீங்கள் ஆற்றில், கார் பூட்டியபடி கரையில்.

கணவர்: நிழலில் நிறுத்துகிறேன்.