சாமியை வெளியே அனுப்பியாச்சு, சரி, அப்புறம்?

கிரேக்க மருத்துவம் என்றதும் நம் பகுத்தறிவுப் பதிவுகளில் ஒரே கதைதான் சுற்றும். நோய் வந்தால் சாமி குத்தம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஹிப்போகிரட்டீஸ் என்ற வைத்தியர் வந்தார், அறிவியல் பிறந்தது. சாமி குத்தத்தில் எனக்கும் நம்பிக்கையில்லை. ஆனால் இது பாதிக் கதை.

இதற்குச் சாட்சியாகக் காட்டப்படுவது வலிப்பு நோய் பற்றிய 'புனித நோய்' என்ற நூல். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் சேர்ந்துள்ள சுமார் 60 நூல்களில் ஒன்று. உண்மையில் எழுதியவர் யாரென்று தெரியாது. ஆள் கெட்டிக்காரர். வலிப்புக்காரர்கள் ஆட்டுத்தோலில் படுக்கக் கூடாது என்று மந்திரவாதிகள் தடை போட்டிருந்தார்கள். அப்படியென்றால் லிபியாவின் உள்நாட்டில் ஒருத்தர்கூட நலமாக இருக்க முடியாதே, அவர்களுக்குப் படுக்கை, உடுப்பு எல்லாமே ஆட்டுத்தோல்தானே என்று மடக்குகிறார். படிக்கவே சுகமாக இருக்கிறது.

சரி, அவர் சொல்லும் காரணம் என்ன? தலையிலிருந்து சளி இறங்கி நாளங்களை அடைத்து, காற்றுப் போகவிடாமல் தடுக்கிறதாம். வலிப்பு வந்த ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள், மூளை நீர்கோத்து நாறும் என்கிறார். நீர் கோத்திருக்கலாம். அது இறங்கி நாளத்தை அடைத்ததை யார் பார்த்தது? அந்த இடத்துக்கு வந்ததும் மந்திரவாதியைக் கேட்ட கேள்வியைத் தன்னிடம் கேட்க மறந்துவிடுகிறார். சாமி இருந்த நாற்காலியில் சளி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதே தொகுப்பிலுள்ள 'கொள்ளைநோய்கள்' நூலின் 1, 3ஆம் பகுதிகள். 42 நோயாளிகளின் நாள்வாரிக் குறிப்பு. முதல் ஆள் மதிலோரம் குடியிருந்த பிலிஸ்கஸ். முதல் நாள் கடும் காய்ச்சல், வியர்வை. மூன்றாம் நாள் நண்பகல்வரை காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது. மாலையில் திரும்பியது, நாக்கு வறண்டது, சிறுநீர் கறுத்தது, இரவு முழுக்கப் பிதற்றல். ஐந்தாம் நாள் மூக்கில் கொஞ்சம் ரத்தம். ஆறாம் நாள் நண்பகலையொட்டி இறந்தார். மூச்சைப் பற்றி ஒரு வரி: மறந்துபோய் ஞாபகம் வந்து இழுப்பதுபோல, எப்போதாவது, ஆழமாக. கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்தவரால் மட்டுமே இதை எழுத முடியும். வைத்தியம் என்று வருவது ஒரு சிறு எனிமாவும் ஆசனவாயில் வைத்த ஒரு மருந்துக் குச்சியும் மட்டும்.

42 பேரில் 25 பேர் இறந்தார்கள். அத்தனையும் பதிவாகியிருக்கிறது. கைராசிக்காரர் என்று பெயர் வாங்க நினைப்பவர் இப்படியொரு கணக்கை எழுதி வைப்பாரா?

அதற்காக அவரையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். பிலிஸ்கஸுக்கு நோய் முற்றியது இரட்டைப்படை நாட்களில் என்று கடைசியில் குறிக்கிறார். எண்களின் மேல் கிரேக்கர்களுக்கு இருந்த மோகம் கட்டிலோரம்வரை வந்துவிட்டது.

இந்தக் குறிப்பேட்டு மனநிலையை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர்கள், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கோஸ் தீவின் பிலினஸ் தொடங்கிவைத்த அனுபவவாதிகள். மறைந்திருக்கும் காரணத்தைத் தேடி மண்டையை உடைக்காதே. நீ பார்த்தது, பிறர் பார்த்து எழுதியது, ஒத்த நோயில் பலித்தது, இந்த மூன்றும் போதும் என்றார்கள். ஒரு மருந்து எப்போதும் கேட்கிறதா, பெரும்பாலுமா, பாதிக்குப் பாதியா, அபூர்வமாகவா என்று தரம்பிரிக்கவும் சொன்னார்கள். இன்றைய மருந்துச் சோதனைகளின் வாசனை இதில் அடிக்கவில்லையா? மறைந்திருக்கும் காரணத்தை அறிந்தே தீர வேண்டும் என்ற எதிரணியான காரணவாதிகளும் பல நேரம் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள் என்கிறார் பின்னாளில் வந்த மருத்துவர் காலென். சண்டை மருந்தில் இல்லை, அது பலிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்பதில். தத்துவம் மருத்துவத்துக்குச் செய்த உபகாரம் இந்தச் சண்டைதான் என்பேன்.

என் ஓட்டு அனுபவவாதிகளுக்கு, கொஞ்சம் தயக்கத்தோடு. அவர்கள் உடலறுத்துப் பார்ப்பதை ஒதுக்கியவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அலெக்சாந்திரியாவில் ஹெரோபிலஸ் நரம்புகளைக் கண்டிருக்க மாட்டார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் காலென் இரண்டு அணியிலும் பாடம் கேட்டவர். சிறுநீர் ஆவியாகப் பரவித்தான் சிறுநீர்ப்பைக்குள் சேர்கிறது என்று அவருக்கு முந்தைய மருத்துவர் அஸ்கிலெபியாடிஸ் சொல்லியிருந்தார். காலென் உயிருள்ள விலங்கின் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் இரண்டையும் நூலால் கட்டினார். பை காலி, குழாய்கள் வெடிக்கிற அளவுக்கு வீக்கம். கட்டை அவிழ்த்தார், பை நிரம்பியது. வாதம் முடிந்தது.

அதே மனிதர்தான் இதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்கெட்டாத துளைகள் வழியே ரத்தம் கசிகிறது என்றும் சொன்னார். சிறுநீர் விஷயத்தில் மறுக்க ஒரு எதிராளி இருந்தார். இதில் யாரும் இல்லை என்பது என் ஊகம். போகப் போக அந்த அணிகளே ஓய்ந்துபோயின, காலென் பாடப்புத்தகம் ஆகிவிட்டார். அப்படித் துளைகளே கிடையாது என்று 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி எரிச்சலோடு எழுத வேண்டியிருந்தது.