கையில் ஓடுவது நீல ரத்தம் இல்லை

"உடம்புக்குள் கெட்ட ரத்தம் நீலமாக இருக்கும், காற்று பட்டதும் சிவப்பாகிவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது கவனியுங்கள். காற்றே இல்லாத குழாய்க்குள்தான் ரத்தம் நேராக இறங்குகிறது. அங்கேயும் அது கருஞ்சிவப்புதான்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்தால் அடர்ந்த சிவப்பாகும், நீலமாகாது. அந்த ரத்தத்தைக் "கெட்டது" என்பதும் சரியில்லை. ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறத்தாழ 75 சதவீத ஹீமோகுளோபின் இன்னும் ஆக்சிஜனோடுதான் இருக்கிறது. கையில் நீலமாகத் தெரிவது ஒளியின் வேலை. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போய் அங்கே ரத்தத்தால் உறிஞ்சப்படுகிறது. நீல ஒளியோ மேலாகவே சிதறிக் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. அப்படி நீலமாகத் தெரியும் குழாயை நாம் நரம்பு என்கிறோம், ஆனால் அது சிரை என்ற ரத்தக் குழாய். நரம்பில் ரத்தம் ஓடாது.

அப்புறம், பாடப்புத்தகப் படத்தில் உள்ள நீலம் அடையாளத்துக்காகப் போட்டது. தமனி என்றால் எப்போதும் நல்ல ரத்தம் என்றும் நினைக்க வேண்டாம். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை, அவ்வளவுதான். அதனால்தான் வலது கீழறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தமும், இடது மேலறைக்கு வரும் நுரையீரல் சிரைகளில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தமும் ஓடுகின்றன.