சுவரில் டால்பின் இருக்கிறது, சின்னம்மா இல்லை

பாம்பனில் ரோட்டோரமாக ஒரு நீளச் சுவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து டால்பின், ஆமை, ரயில் பாலம் எல்லாம் வரைந்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உறுத்துகிறது, அவ்வளவு பெரிய கடலில் ஒரு மனுஷர்கூட இல்லை.

மூச்சை அடக்கிச் சங்கு குளித்தவர்கள், கீழக்கரையிலிருந்து இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் தோணி விட்ட மரைக்காயர்கள், பரதவர், கடையர், வலையர் என்ற கடலோரச் சமூகத்தார், 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு உடுத்திய துணியோடு வந்தவர்கள், இவர்களெல்லாம் சேர்ந்ததுதானே நம்ம கரை? மண்டபம் கேம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களைத் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பலேற்றிய இடம் அது, 1983க்கு அப்புறம் அக்கரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கும் அதே கேம்ப்தான். இதற்கே ஒரு சுவர் வேண்டும்.

என் சின்னம்மா பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊரில் கடல்பாசி எடுக்கிறார். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியைச் சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையோடு முங்கி முங்கி எழுவார். பாசி மறுபடி வளரட்டும் என்று மாதத்துக்கு 12 நாள் மட்டும் எடுப்பது என அந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015இல் அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதே வந்தது. உள்ளூர்ச் சுவரில்தான் இடமில்லை.

சாதி சாதியாக வரைந்தால் சண்டை வரும் என்கிறார் ஒரு அண்ணன். அந்தப் பயம் புரிகிறது. அதனால்தான் தலைவர் படம் வேண்டாம், கொடி வண்ணம் வேண்டாம், தொழிலை வரையுங்கள் என்கிறேன். சங்குப் பையும் வலை பின்னும் கையும் யாரோடு சண்டைக்குப் போகும்? ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் சேதுபதி ராஜாவின் தர்பாருக்கு வெள்ளைக்காரர்கள் வந்ததைக்கூடச் சுவரில் தீட்டி வைத்த சீமை இது, நமக்கு இது புதுசும் இல்லை.

ஒன்றே ஒன்று, போட்டோவைப் பார்த்து வரையாதீர்கள். தகட்டை எந்தப் பக்கம் கட்டுவது என்பதுகூட அதில் தெரியாது. அடுத்த சுவரை வரைய யார் வந்தாலும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், பாசிக்குப் போகும் நாளில் கூட்டிப் போகிறேன். சின்னம்மாவிடம் கேட்டுவிட்டேன், முகத்தை மறைக்காமல் வரைவதாக இருந்தால் சரி என்றார்.