ப்ளூ பாக்ஸ் ஷோஜோ இல்லை

"ப்ளூ பாக்ஸ் ஒரு ஷோஜோ மாங்கா (பெண் பிள்ளைகளுக்கான ஜப்பானியக் காமிக்ஸ்), பேட்மிண்டனும் கூடைப்பந்தும் சும்மா பின்னணிக்கு" என்று சொல்வது இரண்டு வகையிலும் தவறு. காதல் இருப்பதால் ஷோஜோ ஆகிவிடாது. எந்த வாசகருக்கான பத்திரிகையில் வருகிறது என்பதுதான் கணக்கு. கோஜி மியுரா இதை 2021 ஏப்ரலில் தொடங்கியது ஆண் பிள்ளைகளுக்கான வார இதழான வீக்லி ஷோனென் ஜம்ப்பில்.

விளையாட்டை உருவிவிட்டால் கதையே நிற்காது. கூடைப்பந்து ஆடும் நாயகி சினாட்சுவின் குடும்பம் வெளிநாடு போகிறது. இன்டர்ஹை (ஜப்பானின் தேசிய மேல்நிலைப் பள்ளி விளையாட்டுப் போட்டி) ஆடியே தீரவேண்டும் என்பதால்தான் அவள் மட்டும் தங்கிவிடுகிறாள், அதுவும் பேட்மிண்டன் ஆடும் நாயகன் தைக்கியின் வீட்டில். இருவரின் அம்மாக்களும் பள்ளிக் காலத்தில் ஒரே கூடைப்பந்து அணி! அவள் அவனுக்கு ஒரு வகுப்பு மூத்தவள்; இன்டர்ஹை ஆண்டுக்கு ஒருமுறைதான், மாகாணத் தகுதிச்சுற்றில் தோற்றால் அந்த ஆண்டு அவ்வளவுதான். அவளது ஆட்டம் கெடுமோ என்றுதான் தைக்கி மனதிலிருப்பதைச் சொல்லத் தயங்குகிறான். இதையா பின்னணி என்கிறீர்கள்?